துருவப் பனி உருகினால் கடல் எங்கே ஏறும்?

துருவங்களிலே பனி உருகுகின்றது, அதனாற் கடல் மட்டம் உயர்கின்றது என்னும் செய்தியை இன்று சிறு பிள்ளைகளும் அறிவர். ஆயினும் அச்செய்தியைக் கேட்டவுடன் நம்மிற் பெரும்பாலார் உள்ளத்தில் எழும் சித்திரம் பிழையானது. தண்ணீர்த் தொட்டியின் ஒரு மூலையிலே குழாயைத் திறந்துவிட்டால் தொட்டி முழுவதும் நீர் ஒரே அளவாக ஏறுகின்றதன்றோ? கடலும் அவ்வாறே எங்கும் ஒரே அளவாக ஏறும் என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். இன்னுஞ் சிலர், பனிக்கு அருகிலுள்ள நாடுகளுக்கே முதல் ஆபத்து, பூமத்திய கோட்டுக்கு அண்மையில் வாழும் நமக்கு அது தொலைதூரத்துக் கவலை என்று ஆறுதலடைகின்றனர். உண்மை இதற்கு ஏறக்குறைய நேர்மாறானது. அஃது எவ்வாறென்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

இரண்டு குவளைகள்

முதலிலே ஒரு சிறு பரிசோதனை. மாணவர்கள் இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே அளவான இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது குவளையில் அரைவாசிக்கு நீர் ஊற்றி, இரண்டு பனிக்கட்டிகளை மிதக்கவிட்டு, நீர்மட்டம் நிற்குமிடத்தில் ஒரு கோடு இடுங்கள். இரண்டாவது குவளையில் ஒரு கல்லை வைத்து, அதன் தலை வெளியே தெரியும்படி நீர் ஊற்றி, அங்கும் ஒரு கோடிட்டபின், இரண்டு பனிக்கட்டிகளைக் கல்லின்மேல் வையுங்கள். பனி முற்றாக உருகியபின் இரண்டு கோடுகளையும் நோக்குங்கள். முதற் குவளையில் நீர்மட்டம் கோட்டிலேயே நிற்கும். இரண்டாவதில் அது கோட்டைத் தாண்டி ஏறியிருக்கும்.

காரணம் ஆக்கிமிடிசு கண்ட விதியே. மிதக்கும் பொருள் தன் நிறைக்குச் சமமான நீரை முன்னரே விலக்கிவிடுகின்றது. ஆதலின் மிதக்கும் பனி உருகும்போது, தான் விலக்கியிருந்த இடத்தையே தன் நீரால் நிரப்புகின்றது. கடல்நீர் உப்புடையதாகவும் பனிநீர் உப்பற்றதாகவும் இருத்தலால் கடலிற் சிறிது வேறுபாடு உண்டு. எனினும் அது கணக்கில் எடுக்கவேண்டாத அளவு சிறியது.

வடதுருவத்தைச் சூழ்ந்திருப்பது கடல். அதன்மேல் மிதக்கும் பனி சில மீற்றர் தடிப்பே உடையது. அது முழுவதும் உருகினாலும் கடல் மட்டம் நேரே உயர்ந்துவிடாது. அதனால் அதன் உருகல் தீங்கற்றது என்று கொள்ளற்க. வெண்பனி சூரிய ஒளியைத் திருப்பியனுப்புகின்றது. கருங்கடல் அதனை விழுங்குகின்றது. வெண்மை குறையக் குறையச் சூடு கூடும்; சூடு கூடக் கூட நிலத்திற் கிடக்கும் பனியும் விரைந்து உருகும். கடலை உயர்த்துவது அந்த நிலப்பனியே, நம் இரண்டாவது குவளையின் கல்லிலிருந்த பனி.

கல்லின்மேற் கிடக்கும் பனி

அத்தகைய பெரும் பனி இன்று உலகில் இரண்டு இடங்களிலேயே உண்டு. ஒன்று கிறீன்லாந்து. அதனை மூடியிருக்கும் பனியின் பரப்பு ஏறக்குறைய 17 இலட்சம் சதுர கிலோமீற்றர். நம் இலங்கையைப் போல இருபத்தாறு மடங்கு. நடுப்பகுதியில் அதன் தடிப்பு 3 கிலோமீற்றரைத் தாண்டும். மற்றையது தென்துருவக் கண்டமாகிய அந்தாட்டிக்கா. அங்குள்ள பனியின் பரப்பு இலங்கையைப் போல இருநூறு மடங்குக்கும் மேற்பட்டது; அதன் தடிப்பு சிலவிடங்களில் 4 கிலோமீற்றருக்கும் அதிகம். கிறீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல் மட்டம் சராசரியாக 7 மீற்றருக்கு மேல் உயரும். அந்தாட்டிக்கப் பனி முழுவதும் உருகினால் ஏறக்குறைய 58 மீற்றர் உயரும். இமயம், அந்தீசு, அல்ப்சு முதலிய மலைகளிலுள்ள பனியாறுகளெல்லாம் சேர்ந்தாலும் அரை மீற்றர் தேறாது.

இவ்வெண்களைக் கண்டு நாளையே உலகம் மூழ்கும் என்று அஞ்சவேண்டியதில்லை. அத்துணைப் பனி உருகப் பல்லாயிரம் ஆண்டுகள் செல்லும். நாம் நோக்கவேண்டியது இப்பொழுது நடைபெறும் உருகல் எவ்வளவு என்பதையே.

அதனை அளக்க 2002ஆம் ஆண்டில் இரட்டைச் செய்மதிகள் விண்ணில் ஏவப்பட்டன. ஒன்றன்பின் ஒன்றாக ஏறக்குறைய 220 கிலோமீற்றர் இடைவெளியில் அவை பூமியைச் சுற்றிவந்தன. கீழே பெருநிறையுடைய பனி இருக்குமிடத்தை அணுகும்போது முன்செல்வது சிறிது முன்னே இழுக்கப்படும். இடைவெளி மயிரிழையளவு மாறும். அம்மாற்றத்தைக் கொண்டு கீழேயுள்ள பனியின் நிறையைக் கணிக்கலாம். வானத்திலே தொங்கவிட்ட தராசு என்று அதனைக் கூறலாம். 2017இல் அவற்றின் பணி முடிவுற, 2018இல் வேறிரண்டு அவ்விடத்தை எடுத்துக்கொண்டன. இத்தராசு காட்டும் கணக்கின்படி கிறீன்லாந்து 2002ஆம் ஆண்டு தொடக்கம் சராசரியாக ஆண்டொன்றுக்கு 27,000 கோடி தொன் அளவும், அந்தாட்டிக்கா 14,000 கோடி தொன் அளவும் பனியை இழந்து வந்திருக்கின்றன.

உலகக் கடற்பரப்பு ஏறக்குறைய 36 கோடி சதுர கிலோமீற்றர். அதனை ஒரு மில்லிமீற்றர் உயர்த்த 36,000 கோடி தொன் நீர் வேண்டும். மேற்கூறிய இரண்டையும் கூட்டி வகுத்துப் பார்த்தால், இவ்விரு பனிப்பரப்புகளும் மட்டும் ஆண்டுதோறும் கடலை ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேலாக உயர்த்துகின்றன என்பது புலப்படும். மலைப்பனி உருகுவதும், சூட்டினாற் கடல்நீர் விரிவதும் இதனோடு சேர்கின்றன. 1901ஆம் ஆண்டிலிருந்து 2018 வரை கடல் மட்டம் 20 சென்றிமீற்றர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண், உயர்ந்திருக்கின்றது. முற்பகுதியில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீற்றராக இருந்த வேகம், 2006 முதல் 2018 வரையான காலத்தில் 3.7 மில்லிமீற்றராகிவிட்டது. ஒரு சாண் பெரிதன்று; வேகம் ஏறக்குறைய மும்மடங்காகியதே பெரிது.

வாயிற்படியிலுள்ள தடை

மிதக்கும் பனி கடலை உயர்த்தாது என்றோம். அதற்கு ஒரு பின்கதையும் உண்டு. அந்தாட்டிக்காவின் கரையோரங்களிலே நிலப்பனி கடலுக்குள் நீண்டு, மிதக்கும் தட்டாக நிற்கின்றது. அத்தட்டு, பின்னேயுள்ள பனியாறுகள் கடலுக்குள் வழுகி விழாதபடி தாங்கி நிற்கும் தடைபோன்றது. 1978ஆம் ஆண்டில் ஜோன் மேர்சர் என்னும் பனியியலறிஞர், புவி சூடேறினால் மேற்கு அந்தாட்டிக்கப் பனி பேராபத்தாகலாம் என்றும், அந்தாட்டிக்கக் குடாநாட்டின் இருமருங்கிலுமுள்ள பனித்தட்டுகள் உடைவது அதன் முன்னறிகுறிகளுள் ஒன்றாகும் என்றும் எழுதினார்.

2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்குடாநாட்டின் கிழக்குக் கரையிலிருந்த லார்சன்-பி என்னும் பனித்தட்டு, ஐந்து வாரங்களுக்குள் நொறுங்கிச் சிதறியது. அவ்வாறு சிதறிய பரப்பு 3,250 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல மூன்று மடங்கு. அது மிதந்துகொண்டிருந்தமையாற் கடல் மட்டம் உயரவில்லை. ஆனால் தடை நீங்கியதும் பின்னேயிருந்த பனியாறுகளின் வேகம் பன்மடங்காகியது. அப்பனி நிலத்தின் பனி. அது கடலில் இறங்கிய ஒவ்வொரு தொன்னும் கடலுக்குப் புதிய நீர்.

இன்று ஆய்வாளர் மிகுந்த கவலையோடு நோக்குவது மேற்கு அந்தாட்டிக்காவிலுள்ள துவெயிற்சு என்னும் பனியாறு. அது கடலைச் சந்திக்கும் முகப்பின் அகலம் ஏறக்குறைய 120 கிலோமீற்றர். அது அமர்ந்திருக்கும் பாறை கடல் மட்டத்துக்குக் கீழே, உள்நோக்கிச் செல்லச் செல்ல ஆழமாகின்றது. ஆதலாற் சூடான கடல்நீர் அடியிலே புகுந்து அரிக்க வழியுண்டு. அப்பனியாறு ஒன்று முழுமையாகக் கடலிற் சேர்ந்தாலே உலகக் கடல் மட்டம் அரை மீற்றருக்கு மேல் உயரும்.

பனி இழுத்து வைத்திருக்கும் கடல்

இனி நாம் தொடக்கத்தில் விட்ட வினாவுக்கு வருவோம். இவ்வாறு உருகும் நீர் எங்கே சென்று சேரும்?

எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும் இழுக்கும் என்பது நியூற்றன் கண்ட உண்மை. கிறீன்லாந்துப் பனி மலைத்தொடர் போன்ற பேருருவம். அது தன்னைச் சூழ்ந்த கடல்நீரைத் தன்பால் இழுத்து வைத்திருக்கின்றது. அதனால் அத்தீவைச் சுற்றியுள்ள கடல், பனி இல்லாதிருந்தால் நிற்கக்கூடிய மட்டத்திலும் உயர்ந்து நிற்கின்றது. பனி உருகும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன: கடலுக்குப் புதுநீர் வந்து சேர்கின்றது, பனியின் ஈர்ப்புக் குறைந்து, அது பிடித்து வைத்திருந்த நீர் கைவிடப்பட்டு அப்பாற் செல்கின்றது. பனிக்கு அருகிலே இரண்டாவது மாற்றம் முதலாவதை விஞ்சிவிடுகின்றது. ஆகவே கிறீன்லாந்துப் பனி உருகும்போது, அப்பனியின் பங்கை மட்டும் தனித்து நோக்கினால், கிறீன்லாந்திலிருந்து ஏறக்குறைய 2,000 கிலோமீற்றர் தூரத்துக்குட்பட்ட கரைகளிற் கடல் ஏறுவதில்லை, இறங்குகின்றது! அயலிலுள்ள ஐஸ்லாந்தின் கரையிலே கடல் தாழும்; தொலைவிலுள்ள வெப்பநாடுகளின் கரைகளிலே சராசரியிலும் மிகையாக ஏறும். அந்தாட்டிக்கா உருகும்போதும் இவ்வாறே. தென்துருவத்தின் அயலிற் கடல் தாழ, நெடுந்தூரத்திலுள்ள கரைகள் தம் பங்குக்கு மேலாகப் பெறுகின்றன.

இது நேற்றுத் தோன்றிய புதுமையன்று. அமெரிக்க அறிஞர் றொபேட் வூட்வேட் 1888ஆம் ஆண்டிலேயே பனியின் ஈர்ப்பினாற் கடலின் வடிவம் எவ்வாறு மாறும் என்று கணித்து நூலாக வெளியிட்டார். அக்கணிதம் மெய்யென்பதை அளந்து காணும் வசதி நம் காலத்திற்றான் வாய்த்தது.

எழுகின்ற நிலம்

பனி நீங்கினால் நிலமும் வாளாவிருப்பதில்லை. சுவீடன் நாட்டின் வடகரையில் 1621இல் நிறுவப்பட்ட லூலியோ என்னும் துறைமுகப்பட்டினத்தை, 1649ஆம் ஆண்டில் கடலை நோக்கி நகர்த்தவேண்டியதாயிற்று. துறையில் நீர் வற்றிக் கப்பல்கள் நெருங்க முடியாது போனமையே காரணம். வெப்பமானியின் அளவுக்குத் தம் பெயரைத் தந்த செல்சியசு, 1731இல் அந்நாட்டுக் கரையோரப் பாறையொன்றில் நீர்மட்டத்தைக் குறித்து ஒரு கோடு வெட்டுவித்தார். கடல்நீர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றது என்பது அவர் கருத்து. இன்று அக்கோடு நீர்மட்டத்துக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. உண்மையிற் குறைந்தது நீரன்று, உயர்ந்தது நிலம்.

பனியூழிக் காலத்தில் அந்நாடுகளின்மேற் கிலோமீற்றர்க் கணக்கான தடிப்பிற் பனி அழுத்திக் கிடந்தது. அச்சுமையாற் பூமியின் ஓடு கீழே தாழ்ந்தது. பனி நீங்கிப் பத்தாயிரம் ஆண்டளவு கழிந்தும் அந்நிலம் இன்னும் நிமிர்ந்துகொண்டேயிருக்கின்றது. பஞ்சு மெத்தையிலிருந்து எழுந்து சென்றபின் மெத்தை மெல்ல மெல்ல நிமிர்வதுபோல என்று கொள்க. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள பொத்னியா வளைகுடாவின் வடபகுதியில் நிலம் ஆண்டுக்கு ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் எழுகின்றது. நூறாண்டில் இரண்டு முழம். அங்குள்ள மக்கள் கடலிலிருந்து புதுநிலம் பெறுகின்றனர். பின்லாந்துக் கரையிலுள்ள குவார்க்கன் தீவுக்கூட்டத்தில் புதிய தீவுகள் தலைகாட்டுகின்றன.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவோமாயின் நியாயமற்ற ஒரு பங்கீடு தெரிகின்றது. பனியை அயலிலே கொண்ட நாடுகள் சிலவற்றிற்கு, அப்பனியே உருகியும் கடல் விலகுகின்றது, நிலமும் எழுகின்றது. பனியைக் கண்ணாலும் கண்டறியாத நாடுகளின் கரையிலே கடல் மிகையாக ஏறுகின்றது. பசுபிக் கடலிலுள்ள துவாலு தீவினர், தம் நிலம் வாழத்தகாததாகிவிடலாம் என்னும் அச்சத்தால், 2023இல் அவுஸ்திரேலியாவுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி ஆண்டுதோறும் 280 பேர் அங்குச் சென்று குடியேறலாம். பிஜித் தீவிலே வுனிடோகொலோவா என்னும் கிராமம், கடல் வீடுகளுக்குட் புகுந்தமையால், 2014இல் முழுமையாக மேட்டுநிலத்துக்கு மாற்றப்பட்டது. இவ்விரு தீவுகளின் மக்களும் பனியை உருக்கிய புகையிற் கொண்ட பங்கு மிகமிகச் சிறிது.

நமது கரை

நாம் வாழும் இலங்கையும் அப்பனிகளிலிருந்து நெடுந்தூரத்திலுள்ளது. ஆதலின் மேற்கூறிய பங்கீட்டிலே மிகையாகப் பெறும் வரிசையிலேதான் நாமும் நிற்கின்றோம்.

கடல்கோள் என்னும் சொல் தமிழர் செவிக்குப் புதியதன்று. கடல் கொண்ட நாடு நகரங்களைப் பற்றி இறையனார் களவியல் உரை கூறும். அவ்வுரை கூறும் நிலப்பரப்பு இருந்ததற்குப் புவியியற் சான்று இல்லை. ஆனால் பனியூழியின் உச்சத்தில், இற்றைக்கு 20,000 ஆண்டுகளின் முன், கடல் மட்டம் இன்றுள்ளதிலும் 120 மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தது என்பது ஐயத்துக்கு இடமற்றது. பாக்கு நீரிணை மிக ஆழங்குறைந்த கடல். ஆகவே அக்காலத்தில் இலங்கை தீவாக இருக்கவில்லை. இந்தியப் பெருநிலத்தோடு ஒன்றாக இருந்தது. நம்மைத் தீவினராக்கியது தொலைதூரத்திலே வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் உருகிய பனி. துருவத்துப் பனி நமக்குத் தொடர்பற்றது என்று கூறுவதற்கு நமக்கு உரிமையில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இதில் இன்னுமொரு தனிக்கவலை உண்டு. இங்கு வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கித் தங்குகின்றது. அதனையே கிணறுகள் நமக்குத் தருகின்றன. அந்நன்னீருக்கு அடியில் இருப்பது கடலின் உவர்நீர். உவர்நீர் பாரமானது, நன்னீர் இலேசானது. ஆதலின் நன்னீர் அதன்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. ஒல்லாந்தரான கைபன், ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கு ஆகிய இருவரும் தனித்தனியே கண்ட கணக்கு ஒன்று உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் நிற்கும். இதனை மறுபுறமாகவும் வாசிக்கவேண்டும். மேலேயுள்ளதில் ஓர் அடி குறைந்தால், காலப்போக்கிற் கீழேயுள்ளதில் நாற்பது அடியை உவர்நீர் கைப்பற்றிக்கொள்ளும்.

கடல் ஏறும்போது நன்னீரும் அதனோடு சேர்ந்து மேலே எழக்கூடுமாயின் தீங்கு குறைவு. ஆனால் நிலம் சில அடி உயரமேயுள்ள தாழ்ந்த கரையோரங்களில் அவ்வாறு எழ இடமில்லை. எழுந்த நீர் வெளியே வடிந்துவிடும், வில்லை மெலிந்துவிடும். ஆகவே கடல் வீட்டு முற்றத்துக்கு வருமுன்னரே கிணற்றினடிக்கு வந்துவிடலாம். ஊர் மூழ்குமா என்று கேட்போர், கிணறு உவர்க்குமா என்று கேட்பதே பொருத்தம்.

நம் கையிலுள்ளது

இந்நூற்றாண்டின் இறுதிக்குள் கடல் எவ்வளவு ஏறும்? காலநிலை பற்றிய அரசுகளிடைக் குழு 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகம் புகையை மிக விரைவாகக் குறைத்தால் 28 முதல் 55 சென்றிமீற்றர் வரை. மிக அதிகமாகப் பெருக்கினால் 63 சென்றிமீற்றரிலிருந்து ஒரு மீற்றர் வரை. பனித்தட்டுகள் எதிர்பாராத விதமாக உடைந்தால் அதற்கு மேலும் செல்லலாம். முற்றாகத் தடுத்தல் இயலாது. பனி மெல்லச் சூடேறி மெல்ல உருகும் இயல்பினது. சூடு நின்றபின்னும் பல நூற்றாண்டுகள் கடல் ஏறிக்கொண்டேயிருக்கும். எனினும் ஒரு முழத்துக்கும் இரண்டு முழத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடு மனிதர் செயலைப் பொறுத்தது. 1958இல் ஹவாய்த் தீவின் மலையொன்றில் அளக்கத் தொடங்கியபோது வளிமண்டலத்தில் பத்து இலட்சத்துக்கு 315 பங்காக இருந்த கரியமிலவாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. அதனைக் குறைக்கும் பெருங்கடமை பெருநாடுகளுடையது. அதனைக் கேட்கும் உரிமை சிறுநாடுகளுடையது. ஈர்ப்பின் கணக்கை அறிந்த மாணவன் அவ்வுரிமையை இரந்து கேட்கவேண்டியதில்லை, சான்றோடு கேட்கலாம்.

ஆனால் கிணற்றின் கணக்கு நம்முடையது. நம் முன்னோர் மழைநீரைத் தேக்க ஊருக்கு ஊர் குளமும் கேணியும் அமைத்தனர். உவர்நீர் உட்புகாதபடி தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் கட்டப்பட்டன. தூர்ந்த குளத்தை வெட்டித் திருத்துவதும், வெள்ளவாய்க்காலை அடைக்காது விடுவதும், நீரிறைக்கும் இயந்திரத்தை வேண்டிய அளவுக்கு மட்டும் ஓட்டுவதும், கரையோரக் கண்டற் காடுகளை வெட்டாதிருப்பதும் சிறு காரியங்களாகத் தோன்றலாம். மேலே தேங்கும் ஒவ்வோர் அடி நன்னீரும் கீழே நாற்பது அடிக்கு உவரை விலக்கி நிறுத்துகின்றது என்பதை மனத்திற்கொண்டால் அவை சிறியனவல்ல. அடுத்த மாரிமழை தொடங்குமுன் ஒவ்வோர் ஊராரும் தத்தம் குளத்தை ஒருமுறை சென்று பார்த்துவருவார்களாக.